மிளகு ஸ்டோரில் மௌனத் தியானம்

அருளாயியைச் சாட்சியாக நியமித்தது தவக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னர். எதற்குச் சாட்சி என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. நீல ரிப்பன் கட்டிய வட்டமான ஒரு பதக்கத்தை முதலாளி மொறாயஸ் ஐயாவின் மனைவி அவளுடைய சேலைத் தலைப்பில் குத்திவிட்டார். ஊசி தோளிலும் கொஞ்சம் ஏறியது. பங்கு மண்டபத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். வலிக்கிறது என்று சொல்ல அது இடமில்லை என்பதால் அருளாயியும் சிரித்தாள்.

யுத்தம் வன்னியில் உச்சத்தில் இருந்த வருடம் அது. மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் பஸ்ஸில், தமிழ்ப் பெயருள்ளவர்கள் அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் வைப்பதை விட்டுவிட்டுக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இப்படிப்பட்ட காலத்தில் விசுவாசிகள் துணிந்து வெளியே வர வேண்டும் என்று பங்கில் சில பெரியவர்களுக்குத் தோன்றியது. எந்த இடத்தில் துணிவது என்று பல கூட்டங்களில் ஆராய்ந்து பார்த்தார்கள். எல்லாவற்றிலும் ஆபத்துக் குறைந்த இடம் வேலை செய்யும் இடம்தான் என்று முடிவாயிற்று. அப்படிப் பிறந்ததுதான் வேலைத்தளக் கத்தோலிக்க சாட்சிய சபை.

சபையின் தலைவர் கிறிசோஸ்தம் மொறாயஸ் ஐயா. மிளகும் கராம்பும் சாதிக்காயும் வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். நகரத்தில் அவருக்குப் பெரிய ஸ்டோர் இருந்தது. செயலாளர் சந்தியாப்பிள்ளை மாஸ்டர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மாத்தளையிலேயே தங்கிவிட்ட ஓய்வு பெற்ற பள்ளிக்கூட அதிபர். ஓய்வு பெற்ற பின்னும் எதிரில் இருப்பவரை வகுப்பு வாங்கில் உட்காரவைத்த மாதிரியே பேசுவார். ஆன்ம ஆலோசகர் பங்குத்தந்தை ஃபாதர் வலேரியன். நல்ல மனிதர். அவர் யாரோடும் மாறுபட்டுப் பேசி யாரும் பார்த்ததில்லை.

அருளாயி மொறாயஸ் ஐயாவின் ஸ்டோரில் சுளகால் மிளகு புடைப்பவள். றத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கல்யாணம் கட்டி நகரத்துக்கு வந்தவள். புருஷன் சூசைக்கு நெஞ்சு வருத்தம், ஓயாத இருமல். வேலைக்குப் போக முடியாது. ஸ்டோரில் சுப்பவைசரையும் அவளையும் விட்டால் மற்ற எல்லோரும் இந்துக்கள், இரண்டு மூன்று சிங்களப் பெண்கள், லொறி டிரைவர் பதுர்தீன். ஆகவே சாட்சியைத் தேடிச் சபை அதிக தூரம் அலைய வேண்டியிருக்கவில்லை.

"நான் என்னங்க செய்யணும்?" என்று அவள் மாஸ்டரைக் கேட்டாள்.

"நீர் ஒன்றும் செய்யத் தேவையில்லை, பிள்ளை. இருந்தாற் போதும். கறிக்குள் உப்பு இருக்கிறதல்லவா, அப்படி."

மறுநாள் அருளாயி இதைப் பாப்பம்மாவிடம் சொன்னாள். பாப்பம்மா அவளுக்குப் பக்கத்துச் சுளகு. "உப்பு சும்மாவா இருக்கு? அது கரையணும்டி," என்றாள் பாப்பம்மா.

முதலில் வந்தது நடுப்பகல் செபம். பன்னிரண்டு மணிக்கு சுப்பவைசர் ஒரு மணியை அடிப்பார். எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். மதம் கட்டாயமில்லை, நிற்பது மட்டும் கட்டாயம் என்று ஐயா பெருந்தன்மையோடு அறிவித்திருந்தார். அரைக்கும் மிஷினை நிறுத்துவதா இல்லையா என்று ஒரு சிக்கல் வந்தது. ஐயா அதைக் கண்ணை மூடி யோசித்துத் தீர்த்துவைத்தார்.

"மிஷினுக்கு ஆன்மா இல்லை. ஆகவே அது செபிக்கத் தேவையில்லை, ஓடட்டும். மிஷினில் நிற்பவருக்கு ஆன்மா உண்டு. ஆனால் கை மிஷினில் இருக்கிறது. அவர் கையை எடுக்காமல் மனதால் செபிக்கட்டும். சுளகில் இருப்பவர்களும் விரும்பினால் அப்படியே செய்யலாம். விரும்புவீர்கள் என்று நம்புகிறேன்."

அன்றிலிருந்து பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் நின்றுகொண்டே புடைத்தார்கள்.

தவக்காலம் வந்ததும் பத்து மணித் தேநீர் நிறுத்தப்பட்டது. இது ஒறுத்தல் என்று ஐயா விளக்கினார். தேநீரைத் தியாகம் செய்கிறவர்கள் தொழிலாளர்கள் என்றாலும், அந்தத் தியாகத்தை ஒப்புக்கொடுக்கிற பாரத்தைத் தாமே சுமப்பதாகவும் சொன்னார். பிறகு மின்விசிறிகளும் ஒறுத்தலில் சேர்க்கப்பட்டன. மிளகுத் தூசி மேலே போக வழியில்லாமல் தலைமட்டத்தில் நின்றது. எல்லோருக்கும் எந்நேரமும் கண்ணீர் வடிந்தது. ஸ்டோரைப் பார்வையிட வந்த மாஸ்டர், இத்தனை மனத்துயர் கொண்ட தொழிலாளர்களைத் தாம் வேறெங்கும் கண்டதில்லை என்று குறித்துக்கொண்டார்.

அழகையா சாக்கு தூக்குகிறவன். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். வாய் சும்மா இருக்காது.

"அக்கா, நாங்க பிளேன்டீ குடிச்சா உங்க யேசுசாமிக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டான்.

"தெரியல தம்பி. அவரு ஒண்ணும் சொல்லல. ஐயாதான் சொன்னாரு."

"எங்கட நோன்புக்கு அந்தியாகினா திறக்க ஏதாச்சும் குடுப்பாங்க," என்றான் பதுர்தீன். "இவர்ட நோன்புல திறக்கிற நேரமே இல்லியே!"

அழகையா பின்பக்கத்துச் சுவரேறிக் கடையிலிருந்து ஒரு டின் நிறையப் பிளேன்டீ வாங்கி வந்தான். சாக்குகளுக்குப் பின்னால் உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு மிடறு குடித்தார்கள். சாட்சி என்கிற முறையில் அருளாயி இதைச் சபைக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கும் தொண்டை வறண்டிருந்ததால் டின்னை வாங்கிக் குடித்தாள்.

தவக்காலம் முடிவதற்குள் சபையின் மதிப்பீட்டுக் குழு வந்தது. மேசைக்குப் பின்னால் மாஸ்டர் உட்கார்ந்தார். அருளாயியின் வாழ்க்கையினால் அயலவர்கள் எதைக் கண்டார்கள் என்று அறிவதுதான் நோக்கம். பாப்பம்மாவைக் கூப்பிட்டார்கள்.

"இந்தச் சகோதரியிடம் நீர் எதைக் கண்டீர்?"

பாப்பம்மா அருளாயியை மேலும் கீழும் பார்த்தாள். "எப்பங்க?"

"பொதுவாக. அவரில் எது உமக்குத் தெரிகிறது?"

"வெத்தலங்க," என்றாள் பாப்பம்மா. "அவகிட்ட எப்பவும் வெத்தல இருக்கும். கேட்டா இல்லேன்னு சொல்ல மாட்டா."

மாஸ்டர் சற்று நேரம் யோசித்தார். 'பகிர்தல் என்னும் புண்ணியம்' என்று எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்ததும் சபை தன் மிகப் பெரிய காரியத்தைத் தொடங்கியது. ஆண்டவருடைய நாளில் எந்தக் கத்தோலிக்க நிறுவனமும் வேலை செய்யக் கூடாது. அப்படி வேலை செய்யாத நிறுவனங்களுக்குக் கேடயம். முதல் கேடயம் மொறாயஸ் ஐயாவின் ஸ்டோருக்கே கிடைத்தது. தீர்மானித்த குழுவின் தலைவரும் ஐயாதான் என்பதால் போட்டி கடுமையாக இருக்கவில்லை. பிரதம விருந்தினராக வந்து கேடயத்தைக் கையளித்தவர் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி. அவர் பௌத்தர், சிரித்த முகத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்.

ஐயா ஒலிபெருக்கியில் சொன்னார்: "என் ஸ்டோரில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மிளகு கூட உருளாது. உருண்டால் நான் மொறாயஸ் இல்லை."

அதற்கு அடுத்த கிழமை பெரிய ஓடர் ஒன்று வந்தது. கப்பல் கொழும்பில் நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை செய்தால்தான் கொன்டேனர் நிறையும். ஐயா இரண்டு நாள் முகம் வாடித் திரிந்தார். மூன்றாம் நாள் எல்லோரையும் கூப்பிட்டார். முகத்தில் ஒளி வந்திருந்தது.

"வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே தியானம் நடக்கும். மௌனத் தியானம். இதை யாரும் வேலை என்று நினைக்க வேண்டாம். கூலி வாங்கினால்தான் அது வேலை. ஞாயிற்றுக்கிழமை கூலி கிடையாது. ஆகவே அது தியானம். சிலர் சும்மா உட்கார்ந்து தியானிப்பார்கள். அது மேல்நாட்டு முறை. நாம் உழைக்கும் மக்கள். நம்முடைய கைகளால் தியானிப்போம். ஷட்டர் இறக்கியிருக்கும். யாரும் வாய் திறக்கக் கூடாது. தியானத்துக்கு வருவது அவரவர் விருப்பம். வராதவர்கள் திங்கட்கிழமையும் ஓய்வெடுக்கலாம்."

எல்லோரும் விரும்பினார்கள்.

அருளாயிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாதவள். தோட்டத்தில் இருந்தபோது மழையில் நனைந்துகொண்டு இறங்கி வந்து பூசை கண்டவள். அவள் ஐயாவின் அறை வாசலில் போய் நின்றாள்.

"ஐயா, பூசைக்குப் போகாம இருந்தா பாவம் இல்லீங்களா?"

ஐயா கண் கலங்கிவிட்டார். "உன்னைப் போன்றவர்களால்தான் அருளாயி, இந்தச் சபை நிற்கிறது. நீ கவலைப்படாதே. உனக்காக நான் போகிறேன். நான் முதல் வாங்கில் உட்காருவது எனக்காக மட்டும் என்றா நினைத்தாய்? உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான்."

இப்படி ஐயா எல்லோருக்காகவும் பூசை காண, அவர்கள் எல்லோரும் ஐயாவுக்காக மிளகு புடைத்தார்கள். வாய் திறக்க முடியாததால் ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கத்தை விட வேலை அதிகமாக முடிந்தது. அழகையா ஒருவன்தான் சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு மூக்கால் ஏதாவது சினிமாப் பாட்டை இழுப்பான். சுப்பவைசர் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு அவன் பின்னாலேயே நடப்பார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில், கலேவெலப் பக்கம் ஒரு பஸ் தரிப்பிடத்தில் வெடிக்காத குண்டுப் பொதி ஒன்று கிடந்ததாகச் சொன்னார்கள். அதை வைத்துவிட்டுப் போனவன் கறுப்பாக, நடுத்தர உயரமாக இருந்தான், சிவப்புச் சேர்ட் போட்டிருந்தான் என்று யாரோ பொலிசாரிடம் சொல்லியிருந்தார்கள். கறுப்பும் நடுத்தர உயரமும் மாத்தளை மாவட்டத்தில் பாதிப் பேருக்குப் பொருந்தின. அழகையாவிடம் ஒரு சிவப்புச் சேர்ட் இருந்தது. போன மாதம் தம்புள்ளைச் சந்தைக்கு மூட்டை இறக்கப் போனபோது அதைப் போட்டிருந்ததாக வேறொருவர் சொன்னார். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் ஜீப் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

அன்று நடுப்பகல் செபத்துக்கு மணி அடித்தபோது அவன் மனைவி சந்திரகாந்தா ஸ்டோருக்கு வந்து சேர்ந்தாள். இடுப்பில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒன்று. எல்லோரும் நின்றுகொண்டே புடைப்பதைப் பார்த்து அவளும் வாசலிலேயே நின்றாள். செபம் முடிந்தபின் ஐயாவின் காலில் விழப் போனாள். ஐயா பதறி விலகினார்.

"ஞாயித்துக்கெழம எங்க இருந்தான்னு வேல எடத்துல ஒரு ஆளு வந்து சொன்னா போதும்னு பொலிஸ்ல சொன்னாங்கய்யா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கய்யா."

ஐயா கண்களை மூடினார். உதடுகள் அசைந்தன. திறந்தபோது அவர் குரல் தழுதழுத்தது.

"அழகையா நல்ல பிள்ளை. எனக்கு மகன் மாதிரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கே இருந்தான் என்று எனக்கு எப்படியம்மா தெரியும்? ஞாயிற்றுக்கிழமை இங்கே வேலை கிடையாதே. அதற்குத்தானே அந்தக் கேடயம்."

"இங்கதானேய்யா வந்தாரு! நான்தானே சோறு கட்டிக் குடுத்தேன்!"

"தியானத்துக்கு வந்திருக்கலாம். வந்திருந்தால் நல்லது. ஆனால் தியானத்துக்கு யார் வந்தார், யார் வரவில்லை என்று தலையை எண்ணுவது ஆன்மிகம் அல்ல. அதைக் கடவுள் மட்டுமே அறிவார்."

சந்திரகாந்தாவுக்கு விளங்கவில்லை. அவள் ஐயாவை விட்டுவிட்டுச் சுளகுகளில் இருந்தவர்களைப் பார்த்தாள். ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாப்பம்மாவின் மகன் வவுனியாவில் ஒரு கடையில் வேலை செய்கிறான். அவள் எதற்கு பொலிசில் போய்த் தன் பெயரைக் கொடுப்பாள்? அருளாயியும் குனிந்தாள். குனிந்தபோது சேலைத் தலைப்பில் அந்தப் பதக்கம் மூக்குக்கு நேரே வந்து நின்றது. 'நான் சாட்சி' என்று அதில் எழுதியிருந்தது. அவள் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள்தான். ஆனாலும் அந்த இரண்டு சொல்லையும் அவள் அன்றைக்குத்தான் வாசித்தாள்.

வியாழக்கிழமை சபைக் கூட்டம். அருளாயி கை உயர்த்தினாள். இதுவரை எந்தச் சாட்சியும் கூட்டத்தில் வாய் திறந்ததில்லை. அதற்கு விதி இருக்கிறதா என்று மாஸ்டர் சபையின் சட்டப் புத்தகமான யாப்பைப் புரட்டினார். தடை இல்லை என்று தெரிந்ததும் அவளைப் பேசவிட்டார்கள்.

"அழகையா ஞாயித்துக்கெழம எங்கூடதாங்க இருந்தான். காலைல இருந்து பொழுது சாயிற வரைக்கும் சாக்கு தூக்குனான். பொலிஸ்ல போயி நான் அதச் சொல்லணும். சபைல இருந்து யாராச்சும் பெரியவங்க கூட வந்தா நல்லதுங்க. எனக்குப் பயமா இருக்கு."

பொருளாளர்தான் முதலில் பேசினார்.

"ஒரு இந்துப் பையனுக்காக நம்ம சபையோட பேரக் கெடுத்துக்கணுமா? நான் மதத்தப் பாத்துச் சொல்லல. பேரப் பாத்துத்தான் சொல்றேன்."

மாஸ்டர் எழுந்தார். "சகோதரி ஒரு சிறு குழப்பத்தில் இருக்கிறார். சாட்சியாய் இருத்தல் வேறு, சாட்சி சொல்லுதல் வேறு. முன்னையது அருள்வாழ்வு. பின்னையது பொலிஸ் விஷயம். எங்கள் யாப்பில் 'இருத்தல்' என்றுதான் உள்ளது. 'சொல்லுதல்' என்று ஓரிடத்திலும் இல்லை. நானே எழுதியது; எனக்குத் தெரியும்."

ஐயா கடைசியாகப் பேசினார். "உண்மையை நான் ஒருபோதும் மறைக்கச் சொல்ல மாட்டேன். அருளாயி கேட்டால் இப்போதே சொல்வேன், போ, சொல் என்று. ஆனால் உண்மைக்கும் ஒரு காலம் இருக்கிறது. கொன்டேனர் போகட்டும். வருகிற மாதம் மறைமாவட்டத்து மேற்றிராணியார் ஆண்டகை நம்முடைய சபையைப் பார்க்க வருகிறார். அதுவும் முடியட்டும். அதன் பிறகு உண்மைக்கு என்ன குறை?"

அருளாயி ஃபாதர் வலேரியனைப் பார்த்தாள். ஃபாதர் மேசை விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"ஃபாதர், நீங்க சொல்லுங்க."

"பார்ப்போம், அருளாயி," என்றார் ஃபாதர். "எல்லாரும் செபிப்போம்."

அழகையாவுக்காக நவநாள் செபம் செய்வதென்றும், அவன் விடுதலையாகி வந்தால் சபையின் சார்பில் பொன்னாடை போர்த்துவதென்றும் ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. பொன்னாடை எந்த நிறத்தில் என்பது பற்றி மட்டும் கருத்து வேறுபாடு இருந்தது. சிவப்பு வேண்டாம் என்று முடிவு செய்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து அருளாயி சூசையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சூசை இருமி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"வேல போயிரும்," என்றான் சூசை.

"போயிரும்."

"ஒன்னயும் புடிச்சி வச்சிக்கிட்டா?"

சூசை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். அவன் தூங்கிவிட்டான் என்று அவள் நினைத்தபோது, "அடையாள அட்டைய மறக்காம எடுத்துட்டுப் போ," என்றான்.

மறுநாள் சந்திரகாந்தாவும் அவளுமாகப் பொலிஸ் நிலையத்துக்குப் போனார்கள். வாங்கில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே எங்கேயோ ஒருவன் கத்துகிற சத்தம் கேட்டது. சந்திரகாந்தா பிள்ளையின் காதைப் பொத்தினாள். அது அழகையாவின் குரல் இல்லை என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

பொறுப்பதிகாரி அருளாயியின் கதையைச் சிங்களத்திலேயே கேட்டார். அவளுக்குச் சந்தைச் சிங்களம் நன்றாக வரும். கேட்டு முடித்ததும் அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"உங்கள் முதலாளி போன் பண்ணினார். ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் பூட்டு என்று சொன்னார். அந்தக் கேடயத்தைக் கொடுத்ததே நான்தான். அப்படியானால் நான் கொடுத்தது பொய்யா?"

"இல்லீங்க மாத்தயா. கேடயம் நல்ல கேடயந்தான். வேல நடக்கிறதும் உண்மைதான்."

"அவனும் தமிழன், நீங்களும் தமிழ். நான் எதை வைத்து நம்ப?"

மற்றவர்களின் பெயர்கள் அருளாயியின் நாக்கு நுனிவரை வந்தன. பாப்பம்மா குனிந்த தலை ஞாபகம் வந்தது. விழுங்கிவிட்டாள்.

"யாரையும் நம்ப வேணாங்க. வர்ற ஞாயித்துக்கெழம ஸ்டோர்ப் பக்கம் வந்து பாருங்க. ஷட்டரு மூடியிருக்கும். மிஷின் சத்தம் ரோட்டுக்கே கேக்கும்."

அவர் கையை அசைத்துப் போகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கொன்டேனருக்கு இன்னும் இருந்தது. ஷட்டரை இறக்கினார்கள். மிஷின் ஓடியது. அருளாயி புடைத்தாள். பொலிஸ் வந்தால் என்ன ஆகும் என்று பயந்தாள். வராவிட்டால் என்ன ஆகும் என்று அதைவிடப் பயந்தாள். ஐயா அவளுக்காகவும் மற்றவர்களுக்காகவும் கோயிலில் இருந்தார்.

பூசை நேரம் பாதி ஆகியிருக்கும். ஷட்டரில் யாரோ தட்டினார்கள். சுப்பவைசர் திறந்தார். பொறுப்பதிகாரியும் இரண்டு கொன்ஸ்டபிள்களும் உள்ளே வந்தார்கள். வந்த உடனேயே ஒரு கொன்ஸ்டபிளுக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது, அது நிற்கவேயில்லை.

"இங்கே வேலை நடக்கிறதா?" என்று பொறுப்பதிகாரி கேட்டார்.

சுப்பவைசர் உதட்டில் விரலை வைத்தார்.

"என்ன?"

"தியானம், சேர்," என்று சுப்பவைசர் காற்றாகச் சொன்னார். "மௌனத் தியானம்."

பொறுப்பதிகாரி அரைக்கும் மிஷினைப் பார்த்தார். "இதுவும் தியானம் செய்கிறதா?"

சுப்பவைசர் மேலே கூரையைப் பார்த்தார். பொறுப்பதிகாரி சுளகுகளின் வரிசைக்கு முன்னால் வந்து நின்றார். குரலை உயர்த்தி, போன ஞாயிற்றுக்கிழமை அழகையா என்பவன் இங்கே இருந்தானா என்று எல்லோருக்கும் பொதுவாகக் கேட்டார். நாற்பது பேர் வாயை மூடிக்கொண்டு அவரைப் பார்த்தார்கள். கொன்ஸ்டபிள் தும்மினார்.

அருளாயிக்குச் சூசையின் மருந்துப் போத்தல் கண்ணுக்கு முன்னால் வந்தது. வேறு யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று ஒரு கணம் காத்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

"இருந்தான் மாத்தயா. நீங்க நிக்கிற எடத்துலதான் நின்னான். அந்தச் சாக்கெல்லாம் அவன் தூக்கி வச்சது. பாட்டுப் பாடினான்னு இவரு அவனத் திட்டுனாரு."

சுப்பவைசரின் விரல் உதட்டிலேயே இருந்தது.

அப்போது வாசலில் லொறியின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பதுர்தீன் இறங்கினான். முகம் வெளுத்திருந்தது. "ஓவ் மாத்தயா," என்று ஆமோதித்தான். "நான்தான் லொறியில ஏத்தின. அவன்தான் தூக்கித் தந்த."

இரண்டு பேர் போதும் என்று பொறுப்பதிகாரி சொல்லவில்லை. இருவரின் பெயரையும் முகவரியையும் எழுதிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை வேலை நடப்பது அவருக்கு ஒரு குற்றமாகவே படவில்லை. கேடயத்தை அவர் திருப்பிக் கேட்கவும் இல்லை. அழகையாவை அதற்கு முன்னமே வேறிடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அங்கிருந்து இங்கே கடிதம் வந்து, இங்கிருந்து அங்கே பதில் போய், மழைக்காலம் தொடங்கிய பிறகுதான் அவனை விட்டார்கள்.

அருளாயியின் மேல் சபை விசாரணை வைத்தது. பொலிசுக்கு உண்மையைச் சொன்னதற்காக அல்ல. அப்படி யாரும் நினைத்துவிடக் கூடாது என்று மாஸ்டர் இரண்டு முறை எடுத்துச் சொன்னார். குற்றம் வேறு: தியானத்தின் புனித மௌனத்தைக் கலைத்தமை. அதை அவள் ஒத்துக்கொண்டாள். பதக்கத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். தியானத்துக்குத் தகுதியற்றவளை வேலைக்கு வைத்திருப்பது மற்றவர்களின் ஆன்மாவுக்குக் கேடு என்பதால் ஐயா வேலையையும் நிறுத்தினார். நிறுத்தும்போது அழுதார் என்று சொன்னார்கள். மிளகுத் தூசியாகவும் இருக்கலாம். பதுர்தீன் யாரும் நிறுத்துவதற்கு முன் தானே லொறிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

மேற்றிராணியார் வந்தார். கேடயத்தைப் பார்த்தார். ஆசீர்வதித்தார். போனார்.

அருளாயிக்கு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஸக்கரியா நானாவின் சாப்பாட்டுக் கடையில் வெங்காயம் உரிக்கிற வேலை கிடைத்தது. கண்ணீர் அங்கேயும் வடிந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் தயங்கித் தயங்கி, பூசைக்குப் போய்விட்டு வரட்டுமா என்று கேட்டாள்.

"இதென்ன கேள்வி?" என்றார் ஸக்கரியா நானா. "வெள்ளிக்கிழம ஜும்மாவுக்கு நான் யாரிட்ட கேட்டுட்டா போற? போய்ட்டு வாங்க."

அழகையா வந்த செய்தி கேட்டு அவள் அவனைப் போய்ப் பார்த்தாள். பாதியாகியிருந்தான். அவள் என்ன கேட்டாலும் அவன் தலையைச் சாய்த்து "ஆங்?" என்றான். சந்திரகாந்தா அவளை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போய், உள்ளே இருந்தபோது அடித்ததில் ஒரு காது போய்விட்டது என்று சொன்னாள். மொறாயஸ் ஐயா அவனைத் திரும்ப எடுக்கவில்லை. பொலிஸ் கேஸ் உள்ளவனை எடுத்தால் நிறுவனத்தின் பெயர் என்ன ஆகும் என்று கேட்டாராம். பொன்னாடை பற்றி ஒருவரும் பேசவில்லை.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் அருளாயி பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். கோயிலில் வேறு யாரும் இல்லை. மரத்தட்டிக்கு முன்னால் முழங்காலில் நின்றாள். தட்டிக்கு அந்தப் பக்கம் ஃபாதர் வலேரியனின் மூச்சுக் கேட்டது.

"ஞாயித்துக்கெழம பூசைக்கு வராம வேல செஞ்சேன் ஃபாதர். ஒரு ஞாயிறு இல்ல, நெறைய. தியானம்னு சொன்னாங்க. அது தியானம் இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் செஞ்சேன்."

அவள் காத்திருந்தாள். வழக்கமாக இந்த இடத்தில் அவர் ஏதாவது ஆறுதல் சொல்லி, மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்வார்.

"பீடத்துக்குப் பின்னால ஒரு ஜன்னல் இருக்கு, அருளாயி," என்றார் ஃபாதர். "அது உங்க ஸ்டோர்ப் பக்கமா இருக்கு. ஒவ்வொரு ஞாயிறும் பூசையில அந்த மிஷின் சத்தம் எனக்குக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அப்பத்தை உயர்த்துற நேரத்துலயும் கேட்டுச்சு. அந்தப் பையன் இருந்த ஞாயிறும் கேட்டுச்சு. ஜன்னலைச் சாத்தச் சொல்லி நான்தான் பீடப் பையன்கிட்ட சொன்னேன்."

ஃபாதரே தன் பாவத்தைச் சொன்னால் தட்டிக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் என்ன சொல்ல வேண்டும் என்று அருளாயிக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. மன்னிப்புச் சொல்ல அவளுக்கு அதிகாரம் இல்லை. கோபப்படலாமா என்றும் தெரியவில்லை. முழங்கால் வலித்தது. அந்தப் பக்கம் மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது.

"அழகையா வீட்டுக்கு வந்துட்டான் ஃபாதர்," என்றாள். "போயிப் பாருங்க. எடது காது கேக்காது. வலப்பக்கமா உக்காந்து பேசுங்க."